கதவு திறக்காத காலை

வீட்டில் அவளுக்குப் பொம்மைக்காரி என்று பெயர். குழந்தைகளுக்கான கார்ட்டூன் எடுக்கும் கம்பெனியில், வரைந்த மிருகங்களைக் கம்ப்யூட்டரில் நடக்க வைப்பது அவள் வேலை. யானைக்குட்டி ஒன்று வழுக்கி விழுந்து, யாராவது பார்த்துவிட்டார்களா என்று திரும்பிப் பார்க்க வேண்டும். அந்தக் காட்சியில் உட்கார்ந்தால் அவளுக்குப் பசியே தெரியாது.

ஆனால் தினமும் காலையில் வாசல் மிஷினில் அடையாள அட்டையைக் காட்டிவிட்டு, அதன் விளக்கையே பார்த்து நிற்பாள். பச்சை எரிந்தால் கதவு திறக்கும். சிவப்பு எரிந்தால் வேலை போய்விட்டது என்று அர்த்தம். கூப்பிட்டுச் சொல்வதெல்லாம் அங்கே கிடையாது. அதனால் யாரும் சொந்த டம்ளரைக்கூட மேஜையில் வைத்துக்கொள்வதில்லை. அப்பாவையும் வேறொரு கம்பெனிக் கதவு இப்படித்தான் திருப்பி அனுப்பியது. அதற்குப் பிறகு காலிங் பெல் அடித்தாலே அவர் எழுந்து நின்றுவிடுவார்.

அரசுக் குடிநீர் அலுவலகத்தில் எழுத்தர் வேலைக்கு அவள் பரீட்சை எழுதித் தேர்வாகியிருந்தாள். சேரக் கடைசி நாளும் வந்துவிட்டது. மனசு மட்டும் ஒரு நிலைக்கு வரவில்லை.

"யானையைக் கட்டிக்கிட்டு அழு," என்றாள் அம்மா. "அங்க போனா உன்னை யாருடி வெளிய தள்ள முடியும்?"

"அங்க போய் நான் என்னம்மா செய்வேன்?"

"சம்பளம் வாங்குவ."

அப்பா வேலை உத்தரவை அவள் பையில் வைத்து ஜிப்பை மூடினார்.

அப்படியும் அவள் கம்பெனிக்குத்தான் போனாள். வாசலில் அட்டையை வைத்தாள். சிவப்பு.

மறுபடி வைத்துப் பார்க்கக் கை வரவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வாட்ச்மேன் எழுந்து வருவது தெரிந்தது. அந்தச் சேதியை அவர் வாயால் கேட்கத் தெம்பில்லாமல் ஓடினாள். பஸ் ஏறிய பிறகு பை ஜிப்பைத் திறந்து வேலை உத்தரவை எடுத்தாள். குடிநீர் அலுவலகத்தில் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள்.

பேனாவை மூடும்போது கம்பெனியிலிருந்து குழுத் தலைவரின் போன்.

"எங்கம்மா போய்த் தொலைஞ்ச? மிஷின் கெட்டுப்போச்சு. எனக்கும்தான் சிவப்பு காட்டுச்சு. வாட்ச்மேன் கதவைத் திறந்துவிட வந்தா, பேயைக் கண்ட மாதிரி ஓடுனியாமே! வா, யானை விழுந்த இடத்துலயே கிடக்கு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அது பாதியில் நின்றது. ஒரு வார்த்தை கேட்கக்கூடத் தோன்றவில்லையே. தான் வேண்டாதவள் என்று நம்ப அவளுக்கு ஒரு சின்ன விளக்கு போதுமானதாக இருந்தது. நாளைக்குப் பச்சை எரியும். அதற்கு அடுத்த நாள்?

"வரல சார். குடிநீர் ஆபீஸ்ல எழுத்தரா சேர்ந்துட்டேன்."

"பயந்துட்டியா?"

"ஆமா சார்."

"வயசு தாண்டாம இருந்தா நானும் அந்தப் பரீட்சை எழுதியிருப்பேன்," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

தலைமை எழுத்தர் அம்மாள் அவளை ஒரு நாற்காலிக்கு அழைத்துப்போனார். அதன் மெத்தையில், பல வருஷம் யாரோ உட்கார்ந்த பள்ளம்.

"உக்காரும்மா. நீயா எந்திரிச்சாத்தான் உண்டு. உன்னை யாரும் எழுப்ப மாட்டாங்க."

அவள் பள்ளத்தையே பார்த்தபடி நின்றாள். அதுவும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் ஓடத் தோன்றவில்லை. உட்கார்ந்தாள்.