மிஸ்ஸி என்னை வெளியே அனுப்பிய நாள்

எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். நான்காம் வகுப்பிலேயே அந்தக் கர்வம் வந்துவிட்டது.

கிள்ளானில் தண்டவாளத்துக்குப் பின்னால் இருந்த எங்கள் குடியிருப்பான கம்பத்துக்கு எண்பதுகளில்தான் அரசாங்க கிளினிக் வேன் வரத் தொடங்கியது. மாதம் ஒரு சனிக்கிழமை. பொது மண்டபத்தின் பின்னறையில் மலாய்க்கார மிஸ்ஸி உட்கார்ந்திருப்பார்; நர்ஸை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அம்மாவின் மலாய் மீன் வாங்கப் போதும், நோயைச் சொல்லப் போதாது. அதனால் பள்ளியில் மலாய் படித்த நான்தான் கூடப் போவேன்.

"வந்துட்டாருலா டாக்டரு! எனக்கும் ஒரு ஊசி எழுதிக் குடுங்க சார்" என்று வரிசையில் நிற்கும் பெண்கள் கேலி செய்வார்கள். எனக்கு அது கேலியாகவே தெரியாது.

"தலவலின்னு சொல்லுடா" என்பார் அம்மா. நான் அட்சரம் பிசகாமல் சொல்வேன். மாத்திரை கிடைக்கும். மூன்று மாதம் இப்படிப் போனது. அதற்குள் அம்மா துணி காயப்போடும்போதே பாதியில் உட்கார்ந்துவிடும் அளவுக்கு வெளுத்துப்போயிருந்தார்.

நான்காம் முறை மிஸ்ஸி அம்மாவின் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். வேறு எங்கே வலிக்கிறது என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்தார். "தலவலின்னே சொல்லு."

நான் வாயைத் திறப்பதற்குள் மிஸ்ஸி என்னை வெளியே போகச் சொன்னார். மண்டபத்தைக் கூட்டிக்கொண்டிருந்த எங்கள் கம்பத்து அக்கா ஒருவரை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். அந்த அக்கா மலாய்க்காரர் வீடுகளில் வேலை செய்தவர். கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு வைப்பவர்.

அரைமணி நேரம் கழித்து அம்மா சிவந்த கண்களோடு, பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதத்தோடு வந்தார்.

"அந்தக்கா என்னம்மா சொன்னாங்க? என் மலாய்தானே நல்லாருக்கும்?"

"ஒன் மலாய்தான்டா நல்லாருக்கு" என்றார் அம்மா.

ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. அம்மா பிழைத்துக்கொண்டார். கர்ப்பப்பையில் கட்டி, மாதக்கணக்கில் உதிரப்போக்கு என்பதெல்லாம் நான் பெரியவனான பிறகு அத்தை சொல்லித்தான் தெரியும்.

அடுத்த மாதம் வேன் வந்தபோது மிஸ்ஸியின் பக்கத்தில் அந்த அக்காவுக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். வரிசை வாசல்வரை நீண்டிருந்தது. என்னை யாரும் கூப்பிடவில்லை. என் வேலையைப் பறித்துக்கொண்டார் என்று அக்காவோடு வெகுநாள் பேசாமலிருந்தேன். அம்மா சொன்னதில் ஒரு சொல்லைக்கூட நான் மாற்றிச் சொன்னதில்லையே, பிறகு ஏன் என்னை அனுப்பினார்கள் என்பதுதான் என் ஆத்திரமாக இருந்தது.