கொம்பியூற்றருக்குச் சந்தனம் பூசின நாள்

தங்கச்சி, ஆர் உங்களுக்குச் சொன்னது, நான் மகளின்ர கொம்பியூற்றரை எரிச்சுப்போட்டன் எண்டு? எரியேல்லை. சந்தனம் பூசினது உண்மை. குங்குமம் வைச்சதும் உண்மை. கொஞ்ச நேரம் ஓடிப்போட்டு அது கண்ணை மூடினதும் உண்மை. எரிஞ்சது எண்டுறது அந்த வாய்க்கால் கரைக்காரியின்ர சொந்தச் சரக்கு. அவாவின்ர கையில ஒரு கதை கிடைச்சால் அதுக்குக் காலும் வைச்சு வாலும் வைச்சுத்தான் அடுத்த வீட்டுக்கு அனுப்புவா. இருங்கோ, அந்தக் கதிரையை இழுத்துப்போட்டு இருங்கோ. நெல்லு அவிச்சுப் பாயில பரவி இருக்கு, எனக்கு ஒரு கண் அதில. நீங்கள் அப்ப நெடுங்கேணியில எல்லே இருந்தனீங்கள், உங்களுக்கு ஒண்டும் தெரியாது. நடந்ததைச் சொல்லுறன்.

சண்டை நிண்டு பாதை திறந்த பிறகு இஞ்ச உருத்திரபுரத்தில கலியாணத்துக்குக் குறைவில்லை. வெளிநாட்டில இருந்து சனம் வந்து வந்து போகுது. கலியாணம் எண்டால் வீடியோ, வீடியோ எண்டால் என்ர மகள். அவள் கிளிநொச்சிக்கு பஸ்ஸில போய்ப் போய்ப் படிச்சவள். வீட்டு முன்னறையில மேசையைப் போட்டுக் கொம்பியூற்றரை வைச்சாள். மருமகன் வெளியில ஜாம் மரத்துக்குக் கீழ மோட்டசைக்கிள், தண்ணிப் பம்ப் எல்லாம் திருத்துவார். அங்கால அவற்ற சத்தம், இஞ்சால இவளின்ர நாதஸ்வரச் சத்தம். எனக்கு ரெண்டுக்கும் நடுவில தேத்தண்ணி ஊத்துற வேலை.

ஆனா அந்தப் பழைய கொம்பியூற்றர் இருக்கே, சரியான சோம்பேறி. வெட்டி ஒட்டினதெல்லாத்தையும் சேர்த்து ஒரு படமாக்கு எண்டு அவள் அதிட்டைச் சொல்லி விடுவாள். நான் ஆட்டுக்குக் குழை வெட்டி, சோறு கறி காய்ச்சி, முழுகி, தலை காய்ஞ்சு வந்து பாத்தாலும் மாப்பிள்ளை இன்னும் மணவறைக்கு வந்திருக்கமாட்டார்.

அந்த நேரம்தான் குளத்தடியில ஒரு பிள்ளைக்குக் கலியாணம் நடந்தது. அவளின்ர தாய் வெளிநாட்டில. பதினொரு வருசம் பிள்ளையைக் காணேல்லை. அவாவுக்கு அங்க பேப்பர் சரிவரேல்லையாம், வெளிக்கிட்டு வந்தால் திரும்பிப் போகேலாதாம். தாய்க்குப் பதிலாத் தாய்மாமன் வந்து கலியாணத்தைச் செய்து வைச்சார். அவர் நாலாம் நாள் பின்னேரம் கொழும்புக்கு வெளிக்கிட வேணும், விடிஞ்சால் பிளேன். பொம்பிளைப் பிள்ளை கூறைச்சீலையின்ர மடிப்புக் குலையமுந்தி எங்கட வீட்டுக்கு ஓடி வந்து மகளின்ர கையைப் பிடிச்சவள். "அக்கா, மாமாவிட்டைக் குடுத்து விடவேணும். அம்மா நான் தாலி கட்டினதைப் பாக்கவேணும். தபாலில போட்டால் போகுமோ, உடைஞ்சு போகுமோ, ஆருக்குத் தெரியும்?" எண்டாள். மகள் ஓம் எண்டிட்டாள். அவளுக்கு ஓம் எண்டு சொல்லத்தான் தெரியும், நேரம் பாக்கத் தெரியாது. அது தகப்பன்ர குணம்.

பழைய மிசினில செய்தால் மாமன் பிளேன் ஏறி இறங்கி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் வீடியோ முடியும். அதாலை மருமகன் வவுனியாவுக்குப் போய் அதுக்குப் புதுப் புறோசஸர் வாங்கி வந்தவர். ஓமந்தைச் சோதனைச் சாவடியில நிக்கிறவை அதைத் திருப்பித் திருப்பிப் பாத்தினமாம். நான் ஏதோ பெரிய பெட்டி வரப்போகுதெண்டு மேசையில இடம் ஒதுக்கித் துடைச்சு வைச்சிருக்கிறன். மனிசன் சேட்டுப் பொக்கற்றுக்க இருந்து பிஸ்கற்றளவில ஒண்டை எடுக்கிறார். கீழ்ப்பக்கம் முழுக்கப் பொன் நிறத்தில குட்டிக் குட்டி ஊசி. மேல நடுவில விரல் நகமளவு கறுப்புச் சதுரம்.

"இதுக்கோ அவ்வளவு தூரம் போனனீங்கள்?" எண்டன்.

"மாமி, இதுதான் மூளை."

"என்ர மூளையே இதைவிடப் பெரிசா இருக்கும்."

"அதுதான் மாமி கனநேரம் எடுத்து யோசிக்கிறியள்."

வாய்க்காரன். ஆனா நல்ல மனிசன்.

இப்ப கேளுங்கோ, இதுதான் விசயம். அந்தப் புது மூளையும் கம்பனிக்காரன் சொன்ன வேகத்தில ஓடினால் மாமன் வெளிக்கிடுற மூண்டு மணிக்கு முடியாது எண்டு மகள் கணக்குப் பாத்தாள். அதாலை அதைச் சொன்ன வேகத்துக்கு மேல ஓட விடப்போறன் எண்டாள். எனக்கு உடனை விளங்கிட்டுது. நாங்கள் மிளகாய்த் தோட்டத்துக்கு இறைக்கேக்க, தண்ணி காணாட்டி மிசினில வேகத்தைக் கட்டி வைச்சிருக்கிற சுருள் கம்பியைக் கொஞ்சம் இழுத்து விடுவம் எல்லோ? தண்ணி பாஞ்சு வரும், ஆனா மிசின் கொதிக்கும். இதுவும் அப்பிடித்தான். கொதிக்காமல் இருக்க ஒரு பெரிய அலுமினியக் கட்டை, சீப்புப் போலப் பல்லுப் பல்லா, அதுக்கு மேல ஒரு காத்தாடி. மூளைக்கும் கட்டைக்கும் நடுவில ஒரு சாம்பல் நிறப் பசை பூசவேணும். அந்தப் பசைதான் சூட்டை மேல ஏத்தி விடுறது. அது ஒரு சின்ன ஊசிக்குழாயில வந்தது, ஒருக்காப் பூசத்தான் காணும்.

இதெல்லாம் எனக்குப் பேந்துதான் சொன்னவை. முதலே சொல்லியிருக்கலாம்.

மாமன் வெளிக்கிடுற அந்த நாலாம் நாள்தான் சரஸ்வதி பூசை. வீட்டில இருக்கிற ஆயுதம் எல்லாம் ஓயவேணும். மண்வெட்டி, கத்தி, மருமகன்ர சாவியள், மகளின்ர கமரா எல்லாத்தையும் கழுவித் துடைச்சுச் சந்தனம் பூசிச் சாமியறையில அடுக்கிப்போட்டன். கொம்பியூற்றரையும் ஓய விடடி எண்டு காலமை தொடக்கம் சொல்லுறன்.

"எணை, சரஸ்வதி கோவிக்கமாட்டா. அந்தத் தாய்தான் பாவம்" எண்டாள்.

சரி, ஓயாட்டிலும் சந்தனமாவது வைக்கவேணும் எண்டு நினைச்சுக்கொண்டு தட்டோட முன்னறைக்குப் போனன். கொம்பியூற்றர் வயித்தைத் திறந்து கிடக்கு. மகள் மூளையைப் பொருத்திப் பசையும் பூசிப்போட்டு, படலையடியில அந்த மாமன் வந்து கூப்பிட்டதுக்குப் போயிட்டாள். நான் எட்டிப் பாக்கிறன், நல்ல வடிவான புதுச் சாமானில நடுவில சாம்பலா ஊத்தை அப்பியிருக்கு. மருமகன்ர கிறீஸ் கையாக்கும் எண்டு நினைச்சன். தொட்ட இடமெல்லாம் கிறீஸ் பூசிற மனிசன், என்ர சோத்துக்கோப்பையிலேயே அவற்ற விரல் அடையாளம் இருக்கும். முந்தானையால வடிவாத் துடைச்சன். அந்த இடத்திலேயே சந்தனத்தை வைச்சு, நடுவில குங்குமமும் வைச்சு, கும்பிட்டுப்போட்டு வந்திட்டன். கும்பிட்டது அந்தத் தாய்க்காகத்தான், பொய் சொல்லேல்லை.

மகள் படலையடியில நிண்டுகொண்டு, "பசை பூசியாச்சு, நீங்கள் கட்டையை வைச்சுப் பூட்டுங்கோ" எண்டு மருமகனுக்குக் கத்துறாள். அவர் வந்து பாத்தவர். மஞ்சளா இருக்கு, நடுவில சிவப்பு. புதுச் சாமானுக்குப் புதுவிதமான பசையாக்கும் எண்டு நினைச்சு அமத்திப் பூட்டிப்போட்டார். பேந்து கேட்டதுக்குச் சொல்லுறார், "அதுவும் நல்ல வாசமா இருந்தது மாமி, விலை கூடின பசை எண்டு நினைச்சன்" எண்டு.

ஜெனரேற்றரைப் போட்டு வேலை தொடங்கினது. எனக்கு எழுத்துத் தெரியாது, ஆனா இலக்கம் தெரியும். மூட்டை நிறுத்து நிறுத்துப் பழகினது. மகள் கொம்பியூற்றரின்ர கண்ணாடித் திரை மூலையில ஓடுற இலக்கத்தைக் காட்டி, "இதுதான் சூடு. எழுபதைத் தாண்டினால் கூப்பிடணை" எண்டிட்டுப் போய்ச் சீடிக்கு உறை வெட்டிக்கொண்டிருந்தாள். நான் கதிரையில ஏறிச் சம்மணம் கட்டி இருந்திட்டன். ஐம்பத்திரண்டு. ஐம்பத்திமூண்டு. மகளுக்குச் சரியான புழுகம், வாயெல்லாம் சிரிப்பு, இவ்வளவு வேகத்திலையும் இப்பிடிக் குளிரா இருக்கே எண்டு. அறை முழுக்கக் கோயில் வாசம். சாமியறையில இருந்து வருதாக்கும் எண்டு நாங்கள் நினைச்சம்.

பேந்து ஐம்பத்தெட்டு. அறுபத்தைஞ்சு. நான் படத்தில தலைப்பாகையைத் திருத்துற மாப்பிள்ளையைப் பாத்துச் சிரிச்சுக்கொண்டு இருந்திட்டன். திரும்பிப் பாத்தால் எழுபத்திநாலு! "எடியே!" எண்டு நான் வாய் திறக்க, கண்ணாடி கறுத்துப் போச்சு. செய்த வேலை அவ்வளவும் போச்சு.

திறந்து பாத்தினம். சந்தனம் காய்ஞ்சு, வத்தின குளம் மாதிரி வெடிச்சுக் கிடக்கு. மூண்டு பேரும் அதைப் பாத்துக்கொண்டு நிக்கிறம். குங்குமம் மட்டும் வடிவா இருக்கு.

"எணை?" எண்டாள் மகள்.

"ஊத்தையாக் கிடந்ததடி" எண்டன்.

அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பன், தங்கச்சி. கத்தேல்லை. அந்த வெறும் ஊசிக்குழாயை எடுத்து ஒருக்கா அமத்திப் பாத்தாள், ஒண்டும் வரேல்லை, கீழ வைச்சாள். அடுத்தது வவுனியாவிலதான். "அந்த அம்மா வாசலைப் பாத்துக்கொண்டு இருப்பா" எண்டு மட்டும் சொன்னாள். நானும் ஒரு தாய்தானே, வெளிநாட்டில இருக்கிற என்ர மூத்த மகன்ர கலியாணமும் நான் படத்திலதான் பாத்தனான்.

"அந்தப் பசையில என்னடி இருக்கு?" எண்டு கேட்டன்.

"நைசான பொடியும் காயாத எண்ணெயும்தானெணை. மின்சாரம் பாயக்கூடாது, அவ்வளவுதான்."

"அவ்வளவுதானோ? பிள்ளையளுக்குப் பொட்டுக் கூட்டுற மாதிரி எல்லோ?"

என்ர மூத்த மகளின்ர மூண்டு பிள்ளையளுக்கும் கறுத்தப் பொட்டு நான் வீட்டிலதான் கூட்டினது. மா மாதிரிக் கரி, ஆமணக்கெண்ணெய். ஒரு மாசம் கிடந்தாலும் காயாது. கரி எண்டால் மின்சாரம் பாயுமாம், அதாலை இப்ப கரிக்குப் பதிலாத் திருநீறு. ஓடிப்போய் எடுத்து மெல்லிசு வேட்டித் துண்டில மூண்டு தரம் அரிச்சன். விரலில தொட்டால் இருக்கிறதே தெரியாது. ஒரு சொட்டு எண்ணெய் விட்டுக் குழைச்சன். மகள் விரலில எடுத்து உரசிப் பாத்தாள், என்ர முகத்தைப் பாத்தாள், பேந்து சிரிக்கத் தொடங்கிட்டாள்.

மருமகன் விடுவாரே? "முதல் சந்தனம், இப்ப திருநீறு. மாமி, தேங்காயை எந்த இடத்தில உடைக்கிறது?"

"உங்கட தலையிலதான்" எண்டன்.

இந்த முறை மகள் தன்ர கையாலேயே பூசினாள், நகக் கண்ணளவு. என்னை மூண்டு முழம் தள்ளித்தான் நிக்க விட்டவை. ஆனா வேலையைத் திருப்பி முதலில இருந்து தொடங்கவேணும், நேரமும் மத்தியானமாப் போச்சு. கம்பனி வேகத்தில விட்டால் மாமன் போயிடுவார், முந்தின வேகத்தில விட்டால் திருநீறு தாங்குமோ தெரியாது. அவள் ரெண்டுக்கும் நடுவில ஒரு வேகத்தை வைச்சாள்.

வெய்யில் எண்டால் அண்டைக்கு வெய்யில். நான் ரெண்டு சாக்கை நனைச்சு யன்னலில தொங்க விட்டன், வெத்திலை வாடாமல் இருக்க ஈரச்சாக்கு மூடுறம் எல்லோ, அந்த மாதிரி. மருமகன் மேசைக் காத்தாடியைச் சாக்குக்குப் பின்னால வைச்சார். அறைக்குள்ள மார்கழி மாசம் மாதிரிக் காத்து. நான் இலக்கத்தைப் பாத்துக் கத்துறன், "அறுபது! அறுபத்திரண்டு!" எண்டு, சந்தையில ஏலம் கூறுறமாதிரி. அறுபத்தாறில போய் நிண்டது. அதுக்கு மேல ஏறேல்லை. சாக்குக் காயக் காய மருமகன் தண்ணி தெளிக்கிறார். இந்த முறை நான் மாப்பிள்ளையைப் பாக்கவே இல்லை.

மூண்டு மணிக்கு வான் வந்து ஹோண் அடிக்குது. மாமன் மணிக்கூட்டைப் பாத்துப் பாத்து நடக்கிறார். "அக்கா, ஓமந்தையில பாதையைப் பூட்டினால் நான் பிளேனை விட்டிடுவன். முடிஞ்சதோ இல்லையோ நான் வெளிக்கிடவேணும்."

"தம்பி, பூசை அவல் சாப்பிடாமல் இந்த வீட்டால ஒருத்தரும் போனதில்லை" எண்டு கோப்பையைக் கையில திணிச்சன். அவல் முடியக் கடலை. கடலை முடியத் தேத்தண்ணி. தேத்தண்ணியை நல்ல கொதியாக் குடுத்தனான், ஊதி ஊதித்தானே குடிக்கவேணும்! அவர் கடைசி மிடறு குடிக்கேக்க உள்ள மகள் கத்தினாள், "எணை, முடிஞ்சுது!"

சீடியை உறையில போட்டுத் தந்தாள். நான் சாமியறைக்கு ஓடிப்போய்ச் சரஸ்வதிக்கு முன்னால ஒரு மூச்சு விடுற நேரம் வைச்சு எடுத்துக்கொண்டு வந்து மாமன்ர கையில குடுத்தன். மனிசன் கும்பிட்டார், ஏறினார், வான் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போச்சு. ஆயுதமெல்லாம் ஓய்ஞ்ச அண்டைக்கு எங்கட வீட்டில ஓயாமல் வேலை செய்தது அந்தப் பிஸ்கற்றுத்தான். பேந்து வவுனியாவில இருந்து சரியான பசை வந்து, இப்ப அது முழு வேகத்தில ஓடுது. வாய்க்கால் கரைக்காரிக்கு இதைச் சொல்லுங்கோ.

ரெண்டு கிழமையால அந்தப் பிள்ளை ஓடி வந்தாள். தாய் கோல் எடுத்தவாவாம். ஒரு நாளைக்கு மூண்டு தரம் போட்டுப் பாக்கிறாவாம். தாலி கட்டுற இடத்தில நிப்பாட்டி நிப்பாட்டிப் பாக்கிறாவாம். அதோட இன்னொண்டும் சொன்னவாவாம். உறையில ஒரு பெருவிரலளவு சந்தனம் காய்ஞ்சு ஒட்டியிருந்ததாம். மகளின்ர கலியாணச் சந்தனத்தைத் தனக்கெண்டு ஆரோ நினைச்சு அனுப்பியிருக்கினம் எண்டு, தண்ணி தொட்டுக் கரைச்சு நெத்தியில வைச்சவாவாம்.

நான் கையைப் பாத்தன். என்ர பெருவிரல்தான். அவசரத்தில சாமியறைச் சந்தனத் தட்டில பட்ட கை, துடைக்க ஆருக்கு நேரம்? மகள் என்னைப் பாக்கிறாள், நான் முகட்டைப் பாக்கிறன். "ஓம் பிள்ளை, கலியாணச் சந்தனம்தான்" எண்டு சொல்லிப்போட்டன். நீங்களும் ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ, முக்கியமா அந்த வாய்க்கால் கர... ஐயோ, ஆடு! நெல்லுக்க ஆடு ஏறிட்டுது, அந்தத் தடியை எடுங்கோ தங்கச்சி, கெதியா!