“வேண்டாம்” என்றது யார் என்று தேடிப்போன அக்கா

அக்காவின் ஆண்டுத் திவசத்துக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் அயலவர்களுக்கும் வணக்கம். நான் சொல்லச் சொல்ல, அக்காவின் மூத்த மகள் எழுதுகிறாள். நல்ல தமிழ் தென்பட்டால் அது அவளுடையது. அலட்டல் தென்பட்டால் என்னுடையது. நான் பள்ளிக்கூடம் போனதே அங்கே தின்னக் கொடுத்த பணிசுக்காகத்தான். பணிஸ் நின்றது, நானும் நின்றுவிட்டேன்.

அக்கா பிறந்தது சாவகச்சேரிப் பக்கம். எங்களைப் பெற்ற ஐயாவுக்கு வயற்காணி கிடைத்து வன்னிக்கு வந்தபோது அவர் சிறுமி. கலியாணமாகித் தர்மபுரத்துக்கு வந்தார். காடு வெட்டினார், மலேரியாவில் கிடந்தார், இரண்டு பெண்பிள்ளைகளைப் பெற்றார். எதையும் கேட்டுத் தெரியாமல் விடமாட்டார். ஒருமுறை வயலில் பாம்பு கடித்தபோதுகூட, “இது என்ன பாம்படா?” என்று கேட்டுவிட்டுத்தான் கத்தினார்.

அக்காவின் மூத்தவள், என் மருமகள், பெரியபிள்ளையானாள். சடங்கு சிறப்பாக நடந்தது. தாய்மாமன் என்ற முறையில் பால் அறுகு வைத்து, தேங்காய் உடைத்து, வேட்டி அவிழாமல் கடைசிவரை சமாளித்தேன். அதோடு அவளுடைய படிப்பு நின்றது. எங்கள் குடியேற்றத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

அந்தக் காலத்தில் கிளிநொச்சியிலிருந்து ஒரு சங்கத்து ரீச்சர் வரத் தொடங்கினார். இப்படி நின்றுபோன பிள்ளைகளின் வீட்டாரைக் கூட்டிப் பேசி, வீட்டோடு சேர்ந்து வழி பார்ப்பது அவருடைய வேலை. கூட்டம் அக்கா வீட்டு முற்றத்தில். தாய்மார் மட்டும் வந்தார்கள்.

“ஏன் பிள்ளையளை மறிச்சுப்போட்டியள்?” என்று ரீச்சர் கேட்டார்.

“நாங்கள் மறிக்கேல்லை ரீச்சர். வீட்டு ஆம்பிளையளெல்லோ விடமாட்டினம்” என்றார்கள் எல்லோரும். அக்காவும் அத்தானைத்தான் சொன்னார். சொன்ன பிறகு அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. அன்று பின்னேரமே அத்தானைப் பிடித்தார்.

“நீங்களோ மகள் படிக்க வேண்டாம் எண்டது?”

“நான் எப்ப சொன்னனான்? பால் அறுகு வைச்சவன் உன்ர தம்பி. தாய்மாமன் விரும்பாமல் குமர்ப்பிள்ளையை எப்பிடி அனுப்புறது?”

அடுத்து என் வயல் வரம்பில் வந்து நின்றார்.

“டேய், நீயோ பிள்ளை படிக்க வேண்டாம் எண்டனி?”

“நானோ? அக்கா, என்ர மாடே நான் சொன்னால் கேக்காது. என்ர சொல்லிலயோ ஒரு பிள்ளையின்ர படிப்பு நிக்குது?”

“அப்ப ஆரடா சொன்னது?”

எனக்கு எப்படித் தெரியும்? அக்கா விடவில்லை. மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய பக்கத்து வீட்டுக்குப் போனார். “அவ மாமன் ஒத்துக்கமாட்டாருங்க” என்றார் அந்தத் தகப்பன். மாமனிடம் போனால், “நானா? அவ அப்பன்தான் வேணாம்னு சொன்னதா நெனச்சேன்” என்றார். காணாமல்போன மாட்டைத் தேடுவதுபோல வேலிவேலியாகக் கேட்டுப் போனார். எந்த வீட்டிலும் “நான்தான் சொன்னேன்” என்று சொல்பவர் ஒருவரும் இல்லை.

அடுத்த கூட்டத்துக்கு முன்பு ரீச்சரிடம் சொன்னார்: “தாய்மாரை மட்டும் கூப்பிட்டால் சரிவராது. தாய், தகப்பன், தாய்மாமன் எல்லாரையும் ஒரே பாயில இருத்துங்கோ. பிள்ளையையும் பக்கத்தில இருத்துங்கோ.”

இருத்தினார்கள். ஆளை ஆள் பார்த்தோம். கைகாட்ட அங்கே வேறு ஆள் இல்லை. அப்போதுதான் அக்கா மகள் பக்கம் திரும்பினார்.

“நீ சொல்லு பிள்ளை. உனக்கு என்ன விருப்பம்?”

“எனக்குப் போகத்தான் விருப்பம், அம்மா. அந்தக் காட்டு ரோட்டுத்தான் பயம். இதை ஒருதரும் என்னட்டைக் கேக்கேல்லை.”

அப்படியான இடத்தில் என் வாய் சும்மா இருக்காது. “என்னட்டைப் படிப்பு இல்லை. சைக்கிள் இருக்கு” என்றேன்.

“அது காணும். பால் அறுகு வைச்சவன் பள்ளிக்கூட வாசல்மட்டும் கொண்டுபோய் விடட்டும்” என்று அக்கா முடித்துவிட்டார்.

இப்படித்தான் மாமன்மார் முறைவைத்துச் சைக்கிள் மிதித்தோம். எல்லா மாமன்மாரும் வந்துவிடவில்லை. ஒரு பிள்ளைக்கு இடையில் கலியாணம் செய்துவிட்டார்கள். அதை அக்கா கடைசிவரை சொல்லிக் கவலைப்பட்டார். நான் மட்டும் அந்த வயதில் மறுபடியும் பள்ளிக்கூடம் போனேன், வாசல்வரைக்கும். பணிஸ் தருகிறார்களோ என்று எட்டிப் பார்த்ததும் உண்மை. மருமகள், “மாமா, இதையும் எழுதவோ?” என்று கேட்கிறாள். எழுது.

அக்காவுக்கு வயிற்றில் கட்டி வந்தது. சண்டைக்காலம். ஆஸ்பத்திரிக்குப் போகிற பாதை ஒருநாள் திறந்திருக்கும், ஒருநாள் பூட்டியிருக்கும். கட்டிலில் கிடந்தபடி டொக்டரிடம், “உள்ளுக்க எப்பிடி இருக்கும், என்ன நிறம்?” என்று கேட்டார். டொக்டர் பொறுமையாகச் சொல்ல, கேட்டு முடித்துவிட்டுத்தான் கண்ணை மூடினார்.

அவரைப் பார்த்த டொக்டருக்கும், பாதை பூட்டிய நாளில் தங்கள் மாட்டுவண்டியைத் தந்த பக்கத்து வீட்டாருக்கும், செத்தவீட்டில் சமைத்துத் தந்தவர்களுக்கும், அன்று சைக்கிள் மிதித்த மாமன்மாருக்கும் நாங்கள் கடமைப்பட்டவர்கள்.

இன்னும் ஒன்று. அக்கா செத்த இந்தத் துடக்கு வருடத்துக்குள் சின்ன மருமகள் பெரியபிள்ளையானாள். சடங்கு வைக்கவில்லை. தலைக்கு வார்த்து முடிந்த மறுநாள் காலையில், பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை போட்டு, இரட்டைப் பின்னலோடு என் சைக்கிளடியில் வந்து நின்றாள். அத்தான் என்னைப் பார்த்தார். நான் அத்தானைப் பார்த்தேன்.

அவள் எங்கள் இரண்டுபேரையும் பார்த்துக் கேட்டாள்:

“ஆரேனும் வேண்டாம் எண்டனீங்களோ?”

நான் சைக்கிளைப் பள்ளிக்கூடப் பக்கம் திருப்பினேன்.