டிரில் மாஸ்டருக்குப் போட்ட மாலை

ஒருவரைப் போகச் சொல்ல வேண்டுமென்றால் நேரில் போய்ச் சொல்லிவிட வேண்டும். இவ்வளவு சின்ன விஷயத்தைத் தெரிந்துகொள்ள எனக்கு நான்கு தோல்விகளும் ஒரு மாலையும் தேவைப்பட்டன. இப்போது நினைத்தாலும் அலுப்பாகத்தான் இருக்கிறது.

ஊருக்கு ரயில் வருவதற்கு வெகு காலம் முன்பு, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பூகோளமும் கணக்கும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். சேர்ந்த மாதமே தலைமையாசிரியர் விளையாட்டுப் பொறுப்பையும் என் தலையில் கட்டினார். எனக்குக் கால்பந்தைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. ராஜபாளையத்துக்கு வண்டி பேசுவதும், தோற்று வந்தால் தலைமையாசிரியர் முன்னால் நின்று பதில் சொல்வதும்தான் என் வேலை. பிள்ளைகளைப் பழக்கியவர் டிரில் மாஸ்டர்.

அவர் கூமாப்பட்டிக்காரர். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்துவிட்டு வந்தவர். மனைவி ஊரில் தனியாக இருந்தார். இவர் பள்ளிக்கூடத்துப் பின்கட்டில் ஓர் அறையில் தங்கிக்கொண்டு, சனிக்கிழமை மத்தியானம் கிளம்பி ஊருக்குப் போய்த் திங்கள் காலை வந்துவிடுவார். அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். என்னைவிட இருபத்தைந்து வயது மூத்தவர் என்றாலும் "வாத்தியாரையா" என்றுதான் கூப்பிடுவார். அந்த மரியாதைதான் என் வாயை அடைத்தது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவர் வந்த புதிதில் இந்தப் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் பந்துக்குப் பின்னால் கும்பலாக ஓடுவார்கள். மாஸ்டர் மைதானத்தில் சுண்ணாம்பால் கட்டம் போட்டு, ஆளுக்கொரு கட்டத்தில் நிறுத்தினார். அவர் வெளியிலிருந்து உத்தரவு கொடுக்காமல் ஒருவனும் கட்டத்தை விட்டுக் காலெடுக்கக் கூடாது. எதிராளிகள் ஓடிக் களைத்துப் போவார்கள், எங்கள் பிள்ளைகள் நின்ற இடத்திலிருந்து பந்தை வாங்கி உதைப்பார்கள். அப்படியே ஐந்து வருடம் ஜெயித்தோம். மாஸ்டர் கெட்டிக்காரர்தான். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

பிறகு ராஜபாளையத்துப் பள்ளிக்கூடத்துக்கு யாரோ ஒரு புது வாத்தியார் வந்து சேர்ந்தார். அந்தப் பிள்ளைகள் பந்தைக் கிட்டக் கிட்டத் தட்டிக்கொடுத்து, இரண்டு கட்டங்களுக்கு நடுவில் இருந்த இடைவெளியில் புகுந்து போகப் பழகிக்கொண்டார்கள். எங்கள் பிள்ளைகள் பந்து பக்கத்தில் போவதைப் பார்த்துக்கொண்டு, மாஸ்டரின் குரலுக்காகக் காத்து நின்றார்கள். மைதானத்து ஓரத்தில் நின்ற அந்த ஊர் ராஜுக்கள் "கொட்டரா, கொட்டரா!" என்று, அடிடா அடிடா என்று, தெலுங்கில் கத்திய சத்தத்தில் அந்தக் குரலும் கேட்காது. தோற்றோம்.

முதல் வருடம் தோற்றுத் திரும்பியபோது வண்டியில் ஒரே ரகளை. இரண்டு பேர் ஒருவரையொருவர் அடிக்கப் போனார்கள், ஒருவன் ஊர் வந்து சேரும்வரை அழுதான். இரண்டாம் வருடம் யாரும் பேசவில்லை. மூன்றாம் வருடம் வண்டி கிளம்பிய சற்று நேரத்தில் ஒருவன் சேவுப் பொட்டலத்தைப் பிரித்தான். யாரோ ஒரு கல்யாண வீட்டுக் கதையைச் சொல்ல, எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் ஒரு கை சேவு வாங்கித் தின்றேன். முன்னால் வண்டிக்காரன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாஸ்டர் திரும்பியே பார்க்கவில்லை.

தோற்பதனால் ஒரு ஆசானை மாற்ற வேண்டியதில்லை. தோற்ற பிள்ளைகளுக்குக் கோபம் வராமல் போகும்போது மாற்றிவிட வேண்டும். சேவு தின்ற அன்றைக்கே இது எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்து என்ன செய்ய?

தலைமையாசிரியர் அறையில் கூடிப் பேசினோம். சென்னையில் படித்த இளம் ஆசிரியர் ஒருவர் வந்திருந்தார், அவருக்கு இந்த ஆட்டம் தெரியும். மாஸ்டரை மாற்றுவதில் எல்லாருக்கும் சம்மதம். அதை மாஸ்டரிடம் யார் சொல்வது என்றதும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தோம். கடைசியில் தமிழ்ப் பண்டிதர் வழி சொன்னார். "மரியாதை பண்ணி அனுப்பிருவோம். மாலை போட்டு நாலு வார்த்தை பேசினா அவரே புரிஞ்சுக்கிடுவாரு." எனக்கு அப்பாடா என்றிருந்தது.

ஒரு சனிக்கிழமை காலை விழா வைத்தோம். பெரிய ரோஜா மாலை. தோளில் ஜரிகைத் துப்பட்டா. தலைமையாசிரியர் "இவருடைய சேவையை இந்தப் பள்ளி என்றும் மறவாது" என்றார். நான் "இத்தனை வருடம் உழைத்தவர்" என்றேன். ஓய்வு என்ற சொல்லை எல்லாரும் அடுத்தவர் சொல்வார் என்று விட்டுவிட்டோம். மாஸ்டர் எழுந்து விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார். கண் கலங்கியிருந்தது. "எம்புட்டுப் பெரிய மரியாத! இதுக்கு நான் என்ன செய்யப் போறேன்?" என்றார்.

அடுத்த திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு மைதானத்தில் விசில் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். புதுச் சுண்ணாம்பில் கட்டம் போட்டுக்கொண்டிருந்தார்.

மாலை போட்ட கையோடு எப்படிப் போய்ச் சொல்வது? இன்னொரு வருடம் அப்படியே ஓடியது. சென்னையில் படித்தவர் கையைக் கட்டிக்கொண்டு ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தையில் ராஜபாளையத்துக்குப் போய் நான்காவது முறையாகத் தோற்றோம். அணித் தலைவன் வன்னியம்பட்டிக்காரன், அந்த வருடத்தோடு படிப்பை முடித்துக்கொண்டு அப்பாவோடு விவசாயத்துக்குப் போகிறவன். மறுநாள் என்னிடம் வந்தான்.

"மாஸ்டர் மேல எங்களுக்குக் கோவம் ஒண்ணும் இல்ல சார். கட்டத்துக்குள்ள நின்னே எங்க படிப்பு முடிஞ்சுபோச்சு. ஒருக்கா ஓடிப் பார்த்திருக்கலாம்."

வெட்கமாக இருந்தது. யார் மனமும் நோகக் கூடாது என்று நான் பார்த்த பார்வையில் அவனுடைய கடைசி வருடம் போய்விட்டது.

அன்றைக்கே போனேன். மாஸ்டர் அறை வாசலில் உட்கார்ந்து பந்தின் வாயை வாரால் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். வழியெல்லாம் வாக்கியங்களைச் சேர்த்துக்கொண்டு போயிருந்தேன். அவரைப் பார்த்ததும் ஒன்றுதான் வந்தது.

"மாஸ்டர், அடுத்த வருசம் நீங்க வர வேண்டாம்."

வாரை முடிச்சுப் போட்டுவிட்டு நிமிர்ந்தார். "இதப் போன வருசமே சொல்லியிருக்கலாம்லா, வாத்தியாரையா?"

"எப்படிச் சொல்றதுன்னு..."

"போன வருசமே போயிரணும்னுதான் இருந்தேன். பிள்ளைக வண்டியில சிரிச்சத நானும் கேட்டேன்லா. வீட்டுல அவளுக்குக் கண்ணு மங்கிட்டே வந்துச்சு, கூட வந்து இருங்கன்னு சொல்லிட்டே கெடந்தா. பெட்டியக்கூடக் கட்டிட்டேன். நீங்க எல்லாரும் கூடி மாலையப் போட்டுட்டீக. அம்புட்டுப் பேரு முன்னால மாலைய வாங்கிக்கிட்டு, பொறவு எந்த மொகத்தோட போறேன்னு சொல்ல?"

பந்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு கேட்டார், "அப்ப அந்த மாலையே போகச் சொல்றதுக்குத்தானா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"சரி. அவகிட்ட மட்டும் இதச் சொல்லிராதீக" என்று கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

சென்னையில் படித்தவர் பொறுப்பேற்ற முதல் வருடத்திலும் ராஜபாளையத்திடம் தோற்றோம். ஒரே ஒரு கோலில். வண்டியில் வரும் வழியெல்லாம் சண்டை. கோல் காத்தவன் தேம்பித் தேம்பி அழுதான். எனக்கு அது நிம்மதியாக இருந்தது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். வன்னியம்பட்டிக்காரன் அந்த வண்டியில் இல்லை.

அதற்கு முன்பு, மாஸ்டர் போய் இரண்டு மாதம் கழித்து, கூமாப்பட்டிக்குப் போயிருந்தேன். அவர் தண்ணீர் எடுக்கக் கிணற்றுக்குப் போயிருந்தார். அவர் மனைவி வாசலில் உட்கார்ந்து கையால் தடவித் தடவி உளுந்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். என் காலடி கேட்டதும் "யாரு?" என்றார். முகம் என் பக்கம் திரும்பவில்லை. பள்ளிக்கூடத்து வாத்தியார் என்றதும் சந்தோஷமாகிவிட்டார். எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய், ஆணியில் தொங்கிய அந்த மாலையை எடுத்து வந்தார். இதழெல்லாம் கருகி உதிர்ந்து நாரும் ஜரிகையும்தான் மிச்சம்.

"போட்ட அன்னைக்கு இதப் பார்த்தேன் தம்பி. செவப்பு நல்லாத் தெரிஞ்சுது. பெட்டிய அவுத்து அவியளத் திரும்ப அனுப்புனதே நாந்தான். அம்புட்டுப் பேரும் வேணும்ங்கிறாகளே, ஒரு வருசம் இருந்துட்டு வாங்க, என் கண்ணு எங்கிட்டுப் போயிரப் போவுதுன்னேன்." மாலையைத் தடவிக்கொண்டே கேட்டார், "அவிய வேணும்னுதான அன்னைக்குப் போட்டீக?"

மாஸ்டர் தோளில் குடத்தோடு வாசலில் வந்து நின்றிருந்தார். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாம்மா, அவரு வேணும்னுதான் போட்டோம்" என்றேன்.

மாஸ்டர் குடத்தை இறக்கி வைத்து, எனக்கு ஒரு செம்புத் தண்ணீர் மொண்டு கொடுத்தார்.