ஒரு நாள் விட்டு ஒரு நாள் நோம்பி

அம்மா எப்படி இருப்பாள், எப்படிப் பேசுவாள் என்று நீங்கள் இருவரும் கேட்கிறீர்கள். வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் நின்றுவிடுகிறது. அதனால் எழுதுகிறேன். நான் அடிவாரத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான் போனவன். எழுத்தில் பிழை இருந்தால் பெரியவள் திருத்திப் படிக்கட்டும்.

உங்கள் அம்மா இதே மலையில் அரியூர் நாட்டுக்காரி. கல்யாணமாகித் திண்ணனூர் நாட்டில் நம் வீட்டுக்கு வந்தாள். எனக்கு மாமன் மகள் என்பதால் சின்ன வயதிலிருந்தே என்னிடம் வாயாடுவாள். கல்யாணத்துக்குப் பிறகு மற்றவர்கள் முன்னால் மட்டும் தலையைக் குனிந்துகொள்வாள். வீட்டுக்குள் வந்தால் பழையபடிதான். "ஏனுங்க மாமா, வெளிய நான் பேசாம இருந்ததுக்குச் சேத்து இப்பப் பேசிக்கிறேனுங்க" என்பாள்.

அப்போது உலகத்தில் பெரிய சண்டை நடந்துகொண்டிருந்தது. சீமெண்ணெய் கிடைக்காது, துணி கிடைக்காது என்பதைத் தவிர அந்தச் சண்டையைப் பற்றி மலையில் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. பெரியவள் ஓடித் திரிகிறவளாக இருந்தாள். சின்னவன் நடை பழகிக்கொண்டிருந்தான். அந்த வருஷம் ஐப்பசியில் மழை விடாமல் அடித்தது. பள்ளத்து வயலில் அறுப்புக்கு முன்னால் தண்ணீர் கட்டி நின்றது. உங்கள் அம்மா அதில் இறங்கிச் சாய்ந்த கதிரையெல்லாம் நிமிர்த்திக் கட்டினாள். அதற்குப் பிறகுதான் காய்ச்சல் வந்தது.

முதலில் வெறும் குளிர் என்று நினைத்தோம். மதியம் குளிர் எடுக்கும். கம்பளி, சாக்கு, என் வேட்டி எல்லாவற்றையும் மேலே போட்டாலும் நடுக்கம் அடங்காது. பிறகு உடம்பு அடுப்பாய்க் கொதிக்கும். பொழுது சாயும் நேரத்தில் வியர்த்துக் கொட்டி, ஒன்றும் நடக்காதவள் மாதிரி எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்பாள். மறுநாள் ஒன்றும் இருக்காது. அதற்கு அடுத்த நாள் அதே நேரத்துக்கு மறுபடியும் வரும். முறைக்காய்ச்சல் என்று சொன்னார்கள். மலைக்காரர்களுக்குக் காய்ச்சல் வராது, கீழ்நாட்டிலிருந்து ஏறி வருகிறவர்களுக்குத்தான் வரும் என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்த காலம் அது. அதனால் அவளுக்கு வந்ததில் அவளுக்கே கொஞ்சம் வெட்கம்.

முற்றத்து வெயில் உரல் வரைக்கும் வந்தால் காய்ச்சல் வரும் நேரம். அவள் அதற்கு ஒரு மரியாதை வைத்திருந்தாள். "வெயில் உரலுக்கு வந்துருச்சுங்க. இனி அவிய வந்துருவாங்க. பாயை விரிச்சுப் போடுங்க" என்பாள். சம்பந்தி வீட்டு ஆள் வருவது போலச் சொல்வாள். எனக்குச் சிரிப்பு வரும். சிரித்துக்கொண்டே பாயை விரிப்பேன்.

காய்ச்சல் இல்லாத நாளை நாங்கள் நோம்பி என்று சொல்ல ஆரம்பித்தோம். யார் முதலில் சொன்னது என்று நினைவில்லை. அவளாகத்தான் இருக்கும். ஊரில் பண்டிகை என்றால் பொங்கல், ஆடி நோம்பி, கோயில் பூசை என்று வருஷத்துக்குச் சில நாள்தான் உண்டு. எங்கள் வீட்டில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் நோம்பி.

நோம்பி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மற்ற நாளில் களி, அன்றைக்குச் சாமைச் சோறு. பூசணியோ மொச்சையோ போட்டு ஒரு குழம்பு. வேலியோரத்துச் செடியில் பறித்த காப்பிக் கொட்டையை வறுத்து இடித்து வெல்லம் போட்டுக் காய்ச்சுவாள். சட்டியில் கொட்டை வெடிக்கும் வாசனைக்குப் பெரியவள் எங்கே இருந்தாலும் ஓடி வந்துவிடுவாள். ஆம்பளை சாப்பிட்டு எழுந்த பிறகு பொம்பளை சாப்பிடுவது நம் வீட்டு வழக்கம். நோம்பி அன்றைக்கு அந்த வழக்கம் கிடையாது. நால்வரும் ஒன்றாக உட்காருவோம். அவளால் நிறையச் சாப்பிட முடியாது. இரண்டு வாய் தின்றுவிட்டு, நாங்கள் தின்பதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

காய்ச்சலில் புரண்டு புரண்டு அவள் தலைமயிர் சிக்காகிவிடும். கையைத் தூக்கிச் சீவத் தெம்பிருக்காது. அதனால் நோம்பி அன்றைக்கு நான் சீவிவிடுவேன். யாரும் பார்க்கக் கூடாது என்று வீட்டுக்குப் பின்னால் உட்கார்த்திச் சீவுவேன். ஒருநாள் பக்கத்து வீட்டிலிருந்து என் அண்ணி, அதாவது உங்கள் பெரியம்மா, விறகு எடுக்க வந்தவள் பார்த்துவிட்டாள்.

"ஏனுங் கொழுந்தனாரே, அப்படியே எனக்கும் ஒரு கை சீவி உடுங். உங்க அண்ணன் இருவது வருசத்துல என் தலையத் தொட்டது அடிக்கறதுக்குத்தான்" என்றாள்.

"போங்கக்கா, உங்களுக்குக் காச்ச வந்தா மச்சானும் சீவி உடுவாரு" என்றாள் உங்கள் அம்மா.

"சாமி, எனக்கு அந்தச் சீவலே வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் பெரியம்மா விறகை அள்ளிக்கொண்டு போனாள். சிரித்துக்கொண்டேதான் போனாள். ஆனால் திரும்பிப் பார்த்தபோது அவள் முகம் சரியில்லை. உங்கள் அம்மாவின் தோளெலும்பை அன்றைக்குத்தான் வெயிலில் பார்த்திருக்கிறாள்.

முறைக்காய்ச்சலை ஏமாற்றுகிற வழி ஒன்றைச் சொன்னதும் பெரியம்மாதான். காய்ச்சல் வரும் நாளில் அது வருவதற்கு முன்பே சீக்காளியை ஓடை தாண்டிக் கொண்டுபோய் ஒளித்து வைத்துவிட வேண்டும். வீட்டில் பாயைப் போட்டு, உலக்கைக்கு அவளுடைய பழஞ்சேலையைச் சுற்றிப் படுக்க வைக்க வேண்டும். புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து பெண்டாட்டியிடம் பேசுவது போல உலக்கையிடம் பேச வேண்டும். காய்ச்சல் வந்து உலக்கையைப் பிடித்துப் பார்த்து, இது கட்டையாகிவிட்டது என்று போய்விடும். நம் ஊரில் பலருக்கு இப்படிச் செய்து காய்ச்சல் விட்டிருப்பதாகச் சொன்னார்கள்.

செய்தோம். பெரியம்மா அவளை ஓடைக்கு அந்தப் பக்கம் வயல் குடிசைக்கு அழைத்துப் போனாள். நான் உலக்கைக்குச் சேலையைச் சுற்றிப் படுக்க வைத்து, போர்வையைப் போர்த்திவிட்டு உட்கார்ந்தேன். என்ன பேசுவது என்று தெரியவில்லை. "என்ன புள்ள, குளுருதா?" என்றேன். சின்னவன் தத்தித் தத்தி வந்து சேலையை இழுத்துப் பார்த்துவிட்டு, உள்ளே அம்மா இல்லை என்று அழுதான்.

வெயில் உரலைத் தாண்டியதும் போய்ப் பார்த்தால் குடிசையில் வைக்கோலுக்குள் புதைந்து கிடந்தாள். பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. பெரியம்மா அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். என்னைப் பார்த்ததும் அம்மா கேட்டாள்:

"அவகிட்ட என்னங்க பேசுனீங்க?"

"குளுருதான்னு கேட்டேன்."

"அதுக்கு அவ என்ன சொன்னா?"

"ஒண்ணுஞ் சொல்லல."

"நல்ல பொண்டாட்டி. அவளையே வெச்சுக்குங்க" என்றாள். அதைச் சொல்லி முடிப்பதற்குள் மறுபடியும் குளிர் தூக்கிப் போட்டது.

அதற்குப் பிறகு நான் அடிவாரத்துக்கு இறங்கினேன். தபாலாபீசில் முறைக்காய்ச்சலுக்கு மருந்து, கொயினாப் பொட்டலம் விற்பார்கள். வாங்கி வந்தேன். கசப்பு என்றால் அப்படி ஒரு கசப்பு. வாயில் போட்டதும் அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு தரையில் குத்துவாள். காது ரெண்டிலும் வண்டு இரைகிறது என்பாள். ஆனால் காய்ச்சல் நின்றது. வெயில் உரலுக்கு வந்தது, உரலைத் தாண்டிச் சுவருக்கும் போனது. அவள் பாயில் உட்கார்ந்து காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை.

"அவிய வரலீங்க" என்றாள், நம்பாதவள் மாதிரி.

தைப்பொங்கல் வரைக்கும் நன்றாக இருந்தாள். மாட்டுக்குக் கொம்பு சீவிச் சாயம் பூசினாள். வாசலில் மண்பானை வைத்துப் பொங்கினாள். "இப்ப எல்லா நாளும் நோம்பியாப் போச்சு. தெனமும் நோம்பின்னா அதுக்கு மதிப்பில்லீங்க" என்று குறைப்பட்டுக்கொண்டாள். அந்தக் குறையைக் கேட்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

மாசியில் காய்ச்சல் திரும்பி வந்தது. நான் மறுபடியும் தபாலாபீசுக்கு ஓடினேன். பொட்டலம் இல்லை. கொயினா விளைகிற சீமையைச் சண்டையில் எதிரி பிடித்துக்கொண்டானாம். இருப்பதெல்லாம் பட்டாளத்துக்குப் போகிறதாம். அதற்குப் பிறகும் இறங்கிப் போய்ப் போய்க் கேட்டேன். அங்கே இருந்தவருக்கு என்னைத் தூரத்தில் பார்த்ததுமே தெரியும். நான் கேட்பதற்கு முன்பே கையை விரிப்பார்.

இந்த முறை காய்ச்சல் பழைய மாதிரி இல்லை. காலையில் வந்தது, சாயங்காலம் வந்தது, தினமும் வந்தது. இடப்பக்கம் வயிற்றில் கட்டி கல்லாய் இறுகியது. முகம் மஞ்சள் பூத்துவிட்டது. "அவிய மரியாதைய உட்டுட்டாங்க. கேக்காம கொள்ளாம ஊட்டுக்குள்ள வாராங்க" என்றாள். அதுதான் காய்ச்சலைப் பற்றி அவள் கடைசியாகச் சொன்ன விளையாட்டுப் பேச்சு.

நாள் கணக்கு அவளுக்குத் தப்பிப்போனது. கொஞ்சம் தெளிந்தால், "இன்னைக்கு நம்ம நாளுங்களா?" என்று கேட்பாள். நான் ஆமாம் என்பேன். சாமை வடித்து, காப்பி காய்ச்சி, அவள் உதட்டில் கரண்டியால் வைப்பேன். மறுநாளும் கேட்பாள். மறுநாளும் ஆமாம் என்பேன். வீட்டில் சாமை தீர்ந்து வந்தது. அப்போதும் ஆமாம் என்றே சொன்னேன்.

கீழே டவுன் ஆஸ்பத்திரியில் கொயினா இருந்தாலும் இருக்கும் என்று யாரோ சொன்னார்கள். அவளைத் தூக்கிக்கொண்டு போகலாம் என்று நான் சொன்னதும் பெரியம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். கீழே உயிர் போனால் உடம்பை மலைக்கு ஏற்ற மாட்டார்கள். கீழ்நாட்டுச் சாவு மேலே ஏறினால் ஊருக்கே ஆகாது என்பார்கள்.

"இங்கயே கெடக்கட்டும் கொழுந்தனாரே. ஆனது ஆவட்டும். நம்ம மண்ணுலயாவது கெடப்பா" என்றாள் பெரியம்மா.

அவள் மெதுவாகப் பேசினாலும் உள்ளே கேட்டுவிட்டது. உங்கள் அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

"போலாமுங்க. மேல இருந்தா சாவறது நிச்சயம். கீழ போனா மருந்து இருந்தாலும் இருக்கும். எனக்கு மண்ணு வேண்டாமுங்க. இந்தப் புள்ளைவ பெருசாவறதப் பாக்கோணும்."

உங்கள் இருவரையும் பெரியம்மாவிடம் விட்டோம். புறப்படும் முன் சின்னவனை அம்மா மடியில் வைத்ததும் அவன் அவளது தாலிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டான். விரலைப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது.

மூங்கிலில் கம்பளியைக் கட்டித் தூளியாக்கி, பங்காளிகள் நால்வர் மாற்றி மாற்றித் தூக்கினார்கள். நான் பக்கத்தில் நடந்தேன். அவள் அதற்கு முன்பு மலையை விட்டு இறங்கியதே இல்லை. அடிவாரம் வந்ததும் தூளியிலிருந்து தலையை நீட்டிப் பார்த்தாள்.

"என்னங்க இது, எந்தப் பக்கம் பாத்தாலும் ஒண்ணுமே இல்ல! கண்ணு போய்ச் சாயறதுக்கு ஒரு எடம் இல்லீங்க."

ரோட்டில் கரியில் ஓடுகிற பஸ் ஒன்று புகையைக் கக்கிக்கொண்டு போனது. பயப்படுவாள் என்று நினைத்தேன். "ஒரு ஊடே நவுந்து போற மாதிரி இருக்குது. உள்ள சமைக்கிறாங்களா, பொகை வருது?" என்றாள். தூக்கி வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். கடையில் ஒரு கோலி சோடா வாங்கி உடைத்துக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தாள். மூக்கில் ஏறி ஏப்பம் வந்தது. வெட்கப்பட்டுச் சேலையால் வாயை மூடிக்கொண்டாள்.

"இன்னைக்கு நம்ம நாளுங்களா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன். அன்றைக்கு அது பொய்யில்லை என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் நல்ல மனிதர். நாடியைப் பிடித்தார், வயிற்றை அழுத்திப் பார்த்தார், என்னை வெளியே அழைத்து வந்தார். "கொயினா வந்து மாசமாச்சுப்பா. அடுத்த வாரம் வரும்னு சொல்லியிருக்காங்க. அதுவரைக்கும் வெச்சுப் பாக்கலாம்" என்றார். அவர் கண் என் கண்ணைப் பார்க்கவில்லை.

வராந்தாவில் படுக்க வைத்தோம். பங்குனி வெயில். தரையே கொதித்தது. மலையில் எங்கே படுத்தாலும் எங்கேயோ தண்ணீர் ஓடுவது கேட்கும். அது கேட்கவில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் செம்பிலிருந்து தண்ணீரை மெதுவாக இன்னொரு செம்புக்கு ஊற்றினேன். கேட்குதா என்றேன். கேக்குதுங்க என்றாள். ஊற்றிக்கொண்டே இருந்தேன். மறுநாள் மதியம், நான் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே போய்விட்டாள்.

பங்காளிகளைக் கெஞ்சினேன். யாருக்கும் தெரியாமல் ஏற்றிவிடலாம் என்று அவர்கள் காலைப் பிடித்தேன். அவர்களும் அழுதார்கள். ஆனால் அடிவாரத்தைத் தாண்டித் தூக்க மாட்டோம் என்றார்கள். தனியாக என்னால் தூக்க முடியவில்லை. அடிவாரத்துச் சுடுகாட்டோரம், ஓடைக்கரையில், அந்த ஊர்க்காரர் ஒருவர் கொடுத்த மண்வெட்டியால் குழி எடுத்தோம். ஓடையில் தண்ணீர் இல்லை.

மலையேறினோம். வளைவுக்கு வளைவு நான் திரும்பிப் பார்த்தேன். முதல் வளைவில் அந்தக் கரை தெரிந்தது. பிறகு தெரியவில்லை.

மேலே எங்கேயாவது நின்றால் அம்மா இருக்கும் இடம் தெரியுமா என்று போன வாரம் சின்னவன் கேட்டான். தெரியாது கண்ணு. கீழ்நாடு முழுக்கத் தெரிகிற பாறை ஒன்று இருக்கிறது. ரோடு, ஏரி, தென்னந்தோப்பு எல்லாம் அங்கிருந்து தெரியும். அந்த இடத்தை மட்டும் முன்னால் ஒரு கரடு, சின்னக் குன்றுதான், மறைத்துக்கொண்டிருக்கிறது. பாறையின் எந்தப் பக்கம் போய் நின்றாலும் மறைக்கிறது. நான் எல்லாப் பக்கமும் நின்று பார்த்துவிட்டேன்.