முனியாண்டி கையில் சித்தியின் கத்தி

சித்தியின் தோழி அனுப்பிய ஒரு படம்தான் காரணம். மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், மூவாரில் ஒரு தனியார் அருங்காட்சியகம். தெற்காசியக் கலைப்பொருள் அறை. கண்ணாடிப் பெட்டிக்குள் மரத்தில் செய்த முனியாண்டி. சித்தி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இது எங்க காஹாங் எஸ்டேட் சாமி. கையில இருக்கிறது என் கத்தி."

போன சனிக்கிழமை காலை 7.10க்கு ஸ்கூடாயிலிருந்து காரில் கிளம்பினோம். 163 கிலோமீட்டர். 9.25க்கு மூவார். நுழைவுக்கட்டணம் ஆளுக்குப் பத்து ரிங்கிட். தன் கத்தியைப் பார்க்கச் சித்தியும் பத்து ரிங்கிட் கொடுத்தார்.

இரண்டாம் மாடி. நடராசர், ஒரு புத்தர் தலை, அடுத்து முனியாண்டி. பெயர்ப்பலகை: 'காவல் தெய்வம், தென்னிந்தியா. கையில் பலியிடும் கத்தி.'

பலியா? அது ரப்பர் மரத்தில் பால் வெட்டும் கத்தி. பதினாறு வயதிலிருந்து சித்தி பிடித்தது. பிறகு ரப்பரை அழித்து, எண்ணெய்க்காகச் செம்பனை நட்டார்கள். வேலையின் கடைசி நாளன்று அதைச் சாமி கையில் செருகிவிட்டு வந்தார். சிலையைச் செதுக்கியவர் அதே எஸ்டேட் தச்சர். இந்தச் சாமி இந்தியாவைப் பார்த்ததே இல்லை. நாங்களும்தான்.

பொறுப்பாளரைக் கூப்பிட்டோம். தமிழர், முப்பது வயதிருக்கும்.

"ப்ரூஃப் இருக்கா ஆன்ட்டி?"

"பிடியில சைக்கிள் டியூப் சுத்தியிருக்கேன். பின்னால மூணு முடிச்சு இருக்கும். போய் எண்ணிப் பாரு."

பெட்டிக்குப் பின்னால் போய்க் குனிந்தார். எண்ணினார்.

"அலமாக்," என்று வியந்தார்.

"இப்ப காஹாங், ஜொகூர்னு எழுது தம்பி."

"எழுதலாம் ஆன்ட்டி. ஆனா இது சவுத் ஏசியன் ரூம் லா. காஹாங்னு போட்டா இங்க வைக்க முடியாது."

"கீழ ஜொகூர் ரூம் இருக்கே?" என்றேன்.

"அங்க இந்தியப் பொருள் வைக்கிறதில்ல. ஸ்டோருக்குத்தான் போகும்."

இந்தியா என்று பொய் சொன்னால் விளக்கு வெளிச்சம். ஜொகூர் என்று உண்மை சொன்னால் இருட்டறை. இதைச் சொல்லும்போது அவர் சிரிக்கக்கூட இல்லை. விதி அப்படி.

சித்தி பொறுப்பாளரிடம் கையை நீட்டினார்.

"ஸ்டோர்லயே இருக்கட்டும். பொய்ப் பேர்ல நிக்க வேணாம். பேர் மாத்துற ஃபாரம் கொடு."

கையெழுத்துப் போட்டார். திரும்பும் வழி முழுக்க நான்தான் கத்திக்கொண்டு வந்தேன்.

போகிறவர்களுக்கு: முற்பகலில் கூட்டம் குறைவு. ஃபிளாஷ் இல்லாமல் படம் எடுக்கலாம். இரண்டாம் மாடியில் மூன்றாவது பெட்டி காலியாக இருந்தால் ஏமாற வேண்டாம். அந்த அறையில் உண்மை சொல்லும் பெட்டி அது ஒன்றுதான்.