எட்டுப் பேர் ஏறிய பிக்கப்

வாசகப் பெருமக்களே, உங்களைச் சாட்சிகளாக அழைக்கிறேன். துபாயின் அல் குசைஸில் பழைய வண்டிகள் விற்கும் யார்டு ஒன்றில், முதலாளியின் கேரவனை இழுக்கப் பிக்கப் தேடி வந்த ஓட்டுநர் ஒருவரைக் கண்டேன். அடர்ந்த மீசை, மடிப்புக் கலையாத சட்டை. எந்த வண்டியையும் முதலில் அதன் பின்னால் குந்தி உட்கார்ந்தே பார்ப்பார்.

“இஞ்சின் பவரப் பாருங்கண்ணே, மலையையே இழுக்கும்!” என்றார் விற்பவர்.

“இழுக்குறது கெடக்கட்டும். சுமக்குமா?”

அந்தக் கேரவனின் கழுத்து, அதாவது வண்டியோடு மாட்டும் முன்பகுதி, பிக்கப்பின் பின்புறச் சரக்குத் தொட்டிக்குள், பின் அச்சின் மேலே அமர்வது. ஆகவே, உடன் வந்த அறைத்தோழர்கள் ஏழு பேரையும் அவர் தொட்டியில் ஏற்றினார். வேடிக்கை பார்த்த என்னையும் விடவில்லை.

“யல்லா, ஏறுங்க தம்பி. நல்லாச் சாப்பிட்ட ஒடம்பு, பிரயோசனப்படட்டும்!”

பின்பக்கம் அமுங்கியது; முகப்பு மேலெழுந்தது.

“கேரவன் கழுத்தும் இவ்ளோ கனம் அழுத்தும். முன்சக்கரம் ரோட்டப் புடிக்கலன்னா ஸ்டியரிங் எதுக்கு? கலாஸ், இது வேணாம்.”

“இன்னைக்கே வாங்கலன்னா ஒங்க அர்பாப் ஒங்கள ஊருக்கு அனுப்பிருவாரு” என்று விற்பவர் சீண்டினார்.

ஓட்டுநர் அங்கேயே அந்த அர்பாபை, தம் முதலாளியை, கைபேசியில் அழைத்து, இந்தியில் மறுத்தார். மறுமுனையின் கூச்சல் எங்களுக்கே கேட்டது. குரல் உயர்த்தாத அந்த உறுதியை, மேடைப் பேச்சிலேயே வளர்ந்த நான் இன்றும் வியக்கிறேன். பேசி முடித்தவர், தொட்டியில் நின்ற எங்களிடம் சொன்னார்:

“ஊருக்கே அனுப்பட்டும். இங்க இருக்குற வரைக்கும், சுமக்காத வண்டியில அந்தக் கேரவன நான் மாட்ட மாட்டேன். இது சத்தியம்.”